ஃபாரோவின் மூக்கில் மிளகு: உலக வரலாறு, வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘யார், எப்போது’ என்று நிற்கவில்லை. ‘எப்படிச் செய்தார்கள்’ என்று கேட்கின்றன. வரலாற்றில் சுவையான இடம் அதுதான். ஆகவே சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: எகிப்தியர்கள் ஏதோ ரகசிய மூலிகைத் தைலம் பூசித்தான் உடல்களை மம்மி ஆக்கினார்கள் என்று படித்தேன். அந்தத் தைலம் எது? (வாசகி, தேனி)

பதில்: தைலம் உண்டு, ஆனால் உடலைக் காப்பாற்றியது அதுவல்ல. உலர்த்தியதுதான் காப்பாற்றியது. உலர்த்தப் பயன்பட்ட பொருள் நேட்ரான் என்ற உப்பு. கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நட்ரூன் பள்ளத்தாக்கில் ஏரிகள் வற்றும்போது கரையில் படிவது. சலவைச் சோடா, ஆப்பச் சோடா, கறியுப்பு மூன்றும் கலந்தால் என்னவோ, ஏறக்குறைய அதுதான். கொஞ்சம் சோடியம் சல்ஃபேட்டும் சேர்ந்திருக்கும். இது உடலின் நீரை உறிஞ்சும், கொழுப்பைச் சோப்பாக மாற்றும், தன் காரத்தால் பாக்டீரியாவை வளரவிடாது. ஒரே உப்பில் மூன்று வேலை.

இறந்த நாள் தொடங்கி அடக்கம் வரை 70 நாள் என்பது கணக்கு. அதில் உப்பில் கிடப்பது 35 முதல் 40 நாள். மீதி நாட்கள் தைலம், துணிச்சுற்று, சடங்குகளுக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போய் விசாரித்து எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ் 70 நாளும் உப்பிலேயே கிடத்தியதாக எழுதிவிட்டார். அதனால் பின்னால் வந்தவர்களுக்கு நிறையக் குழப்பம்.

முதலில் மூளை. மூக்கின் உச்சியில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. மூக்குத் துவாரம் வழியாக வெண்கலக் கம்பியை ஏற்றி அதை உடைப்பார்கள். ‘கொக்கியால் மூளையை இழுத்தார்கள்’ என்று பள்ளிப் புத்தகங்களில் வரும். 1994இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பாப் பிரையர், ரொனால்ட் வேட் என்ற இருவர், அறிவியலுக்காகத் தானம் செய்யப்பட்ட ஓர் உடலைப் பழைய முறைப்படியே மம்மி ஆக்கிப் பார்த்தார்கள். கொக்கியில் எதுவும் சிக்கவில்லை. கம்பியை உள்ளே விட்டுக் கலக்கிக் கூழாக்கி, உடலைக் கவிழ்த்து வடியவிட்டபோதுதான் வேலை முடிந்தது. 

அடுத்து இடது விலாவுக்குக் கீழே ஒரு சிறிய வெட்டு. வெண்கலக் கத்தி தோலை ஒழுங்காக வெட்டவில்லை. எரிமலைக் கண்ணாடிக் கல்லின் சில்லு சுத்தமாக வெட்டியது. ஹெரோடோட்டஸ் ‘எத்தியோப்பியக் கல்’ என்று எழுதியதன் காரணம் அப்போது விளங்கியது. அந்த வெட்டு வழியே கை விட்டு ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்துத் தனித்தனியே உலர்த்துவார்கள். ஹோரஸ் என்ற கடவுளின் நான்கு மகன்களின் தலை வைத்த ஜாடிகள் இவற்றுக்காகத்தான்: மனிதத் தலை ஈரலுக்கு, பபூன் குரங்குத் தலை நுரையீரலுக்கு, நரித் தலை இரைப்பைக்கு, வல்லூறுத் தலை குடலுக்கு. இதயத்தை மட்டும் தொடமாட்டார்கள். மறுமையில் தராசில் நிறுக்கப்படுவது அது.

பிறகு வயிற்றுக்குள் நேட்ரான் பொட்டலங்களை அடைத்து, உடலைச் சாய்வான மேசையில் கிடத்தி, மேலேயும் கீழேயும் உப்பைக் குவித்து மூடுவார்கள். மேரிலாந்தில் ஓர் உடலுக்கு ஏறக்குறைய 270 கிலோ நேட்ரான் பிடித்தது. எகிப்தின் வெயிலைப் போல 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும் குறைந்த ஈரப்பதமும் உள்ள அறையில் 35 நாள் வைத்தார்கள். வெளியே எடுத்தபோது உடலின் எடை பாதிக்கும் கீழே போயிருந்தது.

இதில் தவறக்கூடிய இடங்கள் பல. உப்பைத் தண்ணீரில் கரைத்து உடலை ஊறப்போட்டார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆல்ஃப்ரெட் லூகாஸ் என்ற வேதியியலாளர் பறவை உடல்களை வைத்துச் சோதித்து, கரைசலைவிட உலர்ந்த நேட்ரானே சரியாக வேலை செய்கிறது என்று காட்டினார். தைலம் அதிகமானாலும் ஆபத்துதான். மன்னர் துட்டன்காமுனின் உடல்மேல் பிசின் தைலத்தைத் தாராளமாகக் கொட்டிவிட்டார்கள். அது கருகி இறுகி, உடலைத் தங்கப் பெட்டியோடு ஒட்டவைத்துவிட்டது. 1925இல், அவர் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு சூடேற்றிய கத்திகளால் நெம்பி, உடலைத் துண்டுகளாகத்தான் எடுக்க முடிந்தது. 21ஆம் வம்சக் காலத்தில், வற்றிய முகம் உயிரோடிருந்தபோது போலத் தெரியவேண்டும் என்று தோலுக்கடியில் திணிப்புப் பொருள் அடைத்தார்கள். ஹெனுத்தாவி என்ற அரசிக்கு அளவு மீறி அடைத்ததில் கன்னங்கள் வெடித்துப் பிளந்தன.

நம் ஊர்ப் பொருள் ஒன்றும் இந்தக் கதையில் இருக்கிறது. கி.மு. 1213 வாக்கில் இறந்த ஃபாரோ, அதாவது எகிப்திய மன்னர், இரண்டாம் ராம்செஸின் உடலில் பூஞ்சை பிடித்ததால் 1976இல் பாரிஸுக்குக் கொண்டுபோய்க் காமா கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். அப்போது நடந்த ஆய்வில் மூக்குத் துவாரத்துக்குள் மிளகு இருப்பது தெரிந்தது. அவருடைய வளைந்த மூக்கு துணிச்சுற்றின் அழுத்தத்தில் சப்பையாகிவிடாமல் இருக்க அடைத்தது. மிளகுக் கொடியின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. மிளகு மேற்கே பயணம் போனதற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்பது உண்மையா? (வாசகர், சிவகாசி)

பதில்: தேதி ஒன்று, நாள் வேறு. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. ஸ்பெயின் 1582லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டது. ஷேக்ஸ்பியர் இறந்த நாள் ஸ்பெயின்காரர்களுக்கு மே 3. செர்வாண்டிஸோ 22ஆம் தேதி இறந்து 23ஆம் தேதி அடக்கமானார் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. 

பழைய ஜூலியன் தேதிகளை நீங்களே கிரிகோரியனுக்கு மாற்றிக்கொள்ளலாம். 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்டுங்கள்; பிறகு 1800 பிப்ரவரி வரை 11; 1900 பிப்ரவரி வரை 12; அதன்பின் 13. ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சி அங்கே அக்டோபர் 25, நமக்கு நவம்பர் 7. தேதியை மட்டும் பார்க்காமல் எந்த நாட்டுத் தேதி என்றும் பாருங்கள். இணையத்தில் உலவும் ‘ஒரே நாள்’ அதிசயங்களில் பலவும் இந்த ஒரு கேள்வியில் உதிர்ந்துவிடும்.

கேள்வி: எலுமிச்சை ஸ்கர்வி நோயைக் குணமாக்கும் என்று 1747இலேயே நிரூபித்துவிட்டார்களாம். பிரிட்டிஷ் கடற்படை 1795 வரை ஏன் சும்மா இருந்தது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நிரூபித்தவரே தன் நிரூபணத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் வேதனை.

ஈறு வீங்கி அழுகி, பழைய தழும்புகள் மறுபடி திறந்து, முட்டிகள் மடங்காமல் ஆள் சாகும் நோய் ஸ்கர்வி. சாலிஸ்பரி என்ற கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், 1747 மே 20 அன்று ஒரே நிலையில் இருந்த 12 நோயாளிகளைப் பிரித்தெடுத்தார். ஒரே இடத்தில் படுக்கவைத்தார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. பிறகு இரண்டிரண்டு பேராக ஆறு சோடி. ஒரு சோடிக்குத் தினமும் ஒரு லிட்டர் அளவு ஆப்பிள் மது. ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலத் துளிகள், வேளைக்கு 25 வீதம் மூன்று வேளை. ஒன்றுக்கு வினிகர். ஒன்றுக்குக் கடல் தண்ணீர். ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்த்தரைத்த ஜாதிக்காய் அளவு லேகியம். இன்னொரு சோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மற்றவரை மீதி நோயாளிகளைக் கவனிக்கப் போட்டார்கள். ஆப்பிள் மது குடித்தவர்களுக்கு ஓரளவு தேவலை. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதை 1753இல் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் நோய்க்குக் காரணம் ஈரமும் செரிமானக் கோளாறும் என்றே நம்பினார். பழம் பல மருந்துகளில் ஒன்று, அவ்வளவுதான். பழம் கப்பலில் அழுகிவிடுமே என்று அவர் சொன்ன வழிதான் காரியத்தைக் கெடுத்தது: சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கிப் பாகு பதத்துக்குச் சுண்டவைத்துப் புட்டியில் அடையுங்கள் என்றார். வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் சிதையும். சுண்டிய பாகில் புளிப்பு இருந்தது, மருந்து பெரும்பாலும் போய்விட்டது. கப்பல்களில் கொடுத்துப் பார்த்தார்கள், குணமாகவில்லை; ‘எலுமிச்சையும் வீண்’ என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1795இல் கில்பர்ட் பிளேன் முதலான மருத்துவர்களின் வற்புறுத்தலால் காய்ச்சாத எலுமிச்சைச் சாறு, ஆளுக்கு முக்கால் அவுன்ஸ், சுமார் 20 மில்லி, தினப்படி ஆனது. ஸ்கர்வி கடற்படையில் அடங்கியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக்கடல் எலுமிச்சையை விட்டு மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். அது கூடுதல் புளிப்பு, ஆகவே கூடுதல் பலன் என்று நினைத்தார்கள். வைட்டமின் அதில் மிகக் குறைவு. 1875–76இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் போன குழு சாறு இருந்தும் ஸ்கர்வியில் விழுந்தது. புளிப்புக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை என்பது 1930களில் வைட்டமின் சி பிரித்தெடுக்கப்பட்ட பிறகுதான் ஐயமறத் தெளிந்தது.

கேள்வி: கடலில் கப்பல் இருக்கும் இடம் அறியச் சூரியனும் நட்சத்திரமும் போதாதா? கடிகாரத்துக்காக 20,000 பவுண்டு பரிசு ஏன் அறிவித்தார்கள்? (பத்தாம் வகுப்பு மாணவி, நாமக்கல்)

பதில்: வடக்கு–தெற்கு எவ்வளவு தூரம் என்பதற்குச் சூரியன் போதும், நண்பகலில் அதன் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். கிழக்கு–மேற்கு அப்படி இல்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. 1 மணிக்கு 15 டிகிரி, 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால், கப்பலில் உச்சிவேளை எப்போது என்று பார்த்து வித்தியாசத்தைப் பெருக்கினால் போதும். அங்கே 3 மணி, இங்கே 12 என்றால் 45 டிகிரி மேற்கே வந்திருக்கிறோம். துறைமுக நேரத்தைச் சரியாகச் சுமந்துபோகும் கடிகாரம்தான் கிடையாது. 1707இல் இங்கிலாந்துக்குத் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1714இல் நாடாளுமன்றம் பரிசுச் சட்டம் போட்டது.

முழுப் பரிசுக்கு அரை டிகிரிக்குள் பிழை. அரை டிகிரி என்றால் 2 நிமிடம். ஆறு வாரப் பயணத்துக்கு அதைப் பங்கிட்டால் நாளுக்கு 3 விநாடிக்கும் குறைவு. அந்தக் காலச் சட்டைப்பைக் கடிகாரங்கள் நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்தின அல்லது பிந்தின. ஊசல் கடிகாரம் கப்பல் ஆட்டத்தில் நின்றுபோகும். வெயில் நாட்டில் ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும். குளிரில் எண்ணெய் கெட்டிப்படும். 

யார்க்ஷயரில் பிறந்த தச்சர் மகன் ஜான் ஹாரிசன் இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். பித்தளையையும் எஃகையும் சேர்த்து அறைந்த ஒரு தகடு வைத்தார். வெப்பத்தில் பித்தளை அதிகம் நீளும், ஆகவே தகடு வளையும். அந்த வளைவு ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளத்தைச் சுருக்கி, இழந்த வேகத்தைத் திருப்பித் தரும். மூன்று பெரிய கடிகாரங்களுக்குப் பிறகு, ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் குறுக்களவும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட நான்காவதைச் செய்தார். சிறிய சக்கரம் வேகமாக அடித்தால், விநாடிக்கு ஐந்து முறை, கப்பலின் மெதுவான ஆட்டம் அதைப் பாதிக்காது என்பது அதன் சூட்சுமம். 1761–62இல் ஜமைக்காவுக்குப் போன சோதனையில் 81 நாளில் 5.1 விநாடிதான் பிழை. இது கடிகாரத்தின் தினசரி வீதத்தைக் கழித்த பிறகு வரும் கணக்கு. எந்தக் கடிகாரமும் கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். தினமும் ஒரே அளவாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம், அளவு மாறினால்தான் ஆபத்து.

‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லிப் பரிசு வாரியம் இழுத்தடித்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. ஹாரிசனுக்கு அப்போது 80 வயது.

கேள்வி: பெரு நாட்டில் ஆண்டுதோறும் புல்லால் பாலம் கட்டுகிறார்களாம். இரும்புப் பாலம் போட வசதியில்லையா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: பக்கத்திலேயே வண்டி போகும் பாலம் இருக்கிறது. இருந்தும் கட்டுகிறார்கள். இன்கா பேரரசின் சாலைகள் மலைப் பள்ளங்களைத் தாண்டியது இத்தகைய கயிற்றுப் பாலங்களில்தான். குஸ்கோ பகுதியில் அபுரிமாக் ஆற்றின் மேல் உள்ள கெஸ்வாசாக்காதான் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நிற்பது. கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே; நீளம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு; அகலம் ஒரு மீட்டரும் கொஞ்சமும். ஜூன் மாதத்தில் குயெவே வட்டாரத்தின் நான்கு ஊர்களும் சேர்ந்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுவார்கள்.

இச்சு என்ற முரட்டு மலைப்புல்லை அறுத்து, கல்லால் அடித்து, நீரில் நனைத்துப் பதப்படுத்துகிறார்கள். அடிக்காமல் திரித்தால் காய்ந்த தண்டு ஒடிந்து புரி விட்டுப்போகும். வீட்டுக்கு வீடு பெண்கள் உள்ளங்கையில் உருட்டி மெல்லிய கயிறு திரிப்பார்கள். ஊர் கூடியதும் அந்த மெல்லிய கயிறுகள் பலவற்றை நீட்டிப் போட்டு முறுக்கி நடுத்தரக் கயிறு. அவற்றைப் பின்னி ஆள் தொடைப் பருமன் வடம். நான்கு வடம் தரைக்கு, இரண்டு வடம் கைப்பிடிக்கு. பழைய பாலத்தின் வழியாகவே புதுக் கயிற்றை அக்கரைக்குக் கடத்திவிட்டு, பழையதை வெட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். புல்தானே, மக்கிப்போகும்.

வடத்தை இரு கரையிலும் கல் முட்டுகளில் சுற்றி இழுத்து இறுக்குவது நாள் முழுக்க ஆகும் வேலை. தேர் இழுப்பது போல ஊரே இரு பக்கமும் நின்று இழுக்கும். ஒரு வடம் மற்றதைவிடத் தளர்ந்தால் பாலம் ஒருபக்கம் சாயும். அதன் பிறகு பாலத் தச்சர்கள் இரு கரையிலிருந்தும் வடத்தின்மேல் கால் பரப்பி உட்கார்ந்து, கைப்பிடியையும் தரையையும் சிறு கயிற்றால் பின்னிக்கொண்டே நடுவில் வந்து சந்திப்பார்கள். கடைசியில் குச்சிகளைப் பரப்பித் தரை போடுவார்கள்.

ஆண்டுதோறும் ஏன்? வெயிலும் மழையும் புல்லை அரிக்கும். 2020இல் கொரோனாவால் புதுப்பிக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மறுபடி கட்டினார்கள். பழைய பாலம் இல்லாததால் முதல் கயிற்றை அக்கரை சேர்ப்பதே தனி வேலையாகிவிட்டது. 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது பாலத்தை அல்ல, அதைக் கட்டும் அறிவையும் சடங்கையும். சரியான முடிவு.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோவிலில் வெள்ளைக்காரர்களின் நில அளவைக் கருவி விழுந்து உடைந்ததாகச் சொல்கிறார்களே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நடந்ததுதான், 1808இல். வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்துகொண்டிருந்தார். முக்கோணங்களுக்கு ஆதாரமாகத் தரையில் நேரடியாக அளக்கும் முதல் அடிக்கோடு 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் தொடங்கியது. ஏழரை மைல், 57 நாள். 100 அடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து 400 தடவை போட்டு அளந்தார்கள். வெப்பமானி எதற்கு? வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்தச் சங்கிலி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். 400 தடவையில் அது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும்.

கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. அதை உயரத்தில் வைத்தால்தான் தூரத்துக் குறிகள் தெரியும். காவிரிப் படுகையில் குன்று ஏது? கோபுரங்களைத்தான் பயன்படுத்தினார். பெரிய கோவிலில் ஏற்றும்போது தாங்கு கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது; மூன்றடிக் குறுக்களவுள்ள அளவு வளையம் நெளிந்துவிட்டது. வேறு கருவி வர இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் ஆகும். லாம்ப்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து, ஆப்பும் திருகாணியும் சிறு மரச் சுத்தியலும் கொண்டு ஆறு வாரத்தில் வளையத்தை நிமிர்த்தினார். அதே கருவியோடு அளவை தொடர்ந்தது.

கேள்வி: பிப்ரவரி 30 என்ற தேதி எப்போதாவது வந்திருக்கிறதா? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: ஒரே ஒரு முறை, 1712இல், ஸ்வீடனில். கிரிகோரியன் நாட்காட்டிக்கு ஒரேயடியாக மாறாமல், 1700 முதல் 40 ஆண்டுகளுக்கு லீப் நாட்களை விட்டுவிட்டுப் படிப்படியாக மாறுவது என்று திட்டம். 1700இல் விட்டார்கள். போர் நடந்துகொண்டிருந்தது; 1704, 1708இல் விடவில்லை. ஆக ஸ்வீடன் ஜூலியனோடும் சேராமல் கிரிகோரியனோடும் சேராமல் தனியே நின்றது. பழையதற்கே திரும்ப 1712இல் வழக்கமான 29ஆம் தேதிக்குப் பின் இன்னொரு நாளைச் சேர்த்தார்கள். கடைசியில் 1753இல் பிப்ரவரி 17க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கி மாறிக்கொண்டார்கள்.